ஆணியில் தொங்கிய முக்காடுகள்

தலைமைப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் மீனாம்பிகை அம்மையார் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! இந்தச் சனசமூக நிலைய மண்டபம் கொள்ளாமல் வாசல் வரை நிற்கும் கோப்பாய் மக்களே! வலிகாமம் மான் மார்க் வாள்காரர் சங்கத்தின் தோழர்களே! முன்வரிசையில் இருக்கும் அமரரின் மனைவி தங்கச்சி சிவகௌரி, அமரரின் தம்பி மயூரதன்! சந்தோஷ முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்து வணங்க வேண்டிய எங்களைச் சாவு கூட்டி வைத்திருக்கிறது. எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஜெபரட்ணம். உடுவிலில் மரக்காலை நடத்துகிறவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. மரம் அரிகிற சத்தத்துக்குள்ளேயே காலம் போனபடியால் கொஞ்சம் உரத்துத்தான் கதைப்பேன். இன்றைக்கு அது கோபமாகவும் கேட்கலாம். கேட்டால் கேட்கட்டும். எனக்குக் கோபம் இருக்கிறது.

யாரை இழந்திருக்கிறோம்? தம்பிஐயா பஞ்சலிங்கம் என்று கேட்டுக்கொண்டு வந்தால் அவருடைய ஒழுங்கையிலேயே ஆட்கள் யோசிப்பார்கள். மான் மார்க் பஞ்சலிங்கம் என்று கேளுங்கள், சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிறவர் கடையை விட்டு எழும்பி வந்து வழி காட்டுவார். தகப்பன் பெயரைத் தள்ளிவிட்டு ஒரு மெசினின் பெயர் வந்து அந்த இடத்தில் குந்திவிட்டது! அதுவும் எப்படிப்பட்ட மெசின்? ஏதோவொரு குளிர் தேசத்தில் செய்கிற சங்கிலி வாள். அந்தக் கம்பனியின் பெயரை எங்கள் சங்கத்தில் ஒருவராலும் இன்றுவரை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. உடம்பிலே ஒரு கலைமான் தலை பொறித்திருக்கும். அதனால் மான் மார்க். வாயில் நுழையாத பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு சங்கமே தொடங்கினோம் என்றால் அதற்குக் காரணம் ஒரேயொரு மனிதர்.

போருக்குள் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. தோட்டத்துக்கு இறைக்கிற வோட்டர் பம்ப்பை மண்ணெண்ணெயில் ஓட வைத்துப் பழகிய கை பஞ்சலிங்கத்தின் கை. கிடைக்காத சாமானை இன்னொன்றால் ஈடுகட்டுவது, அதுவும் இல்லையென்றால் அந்தச் சாமானே இல்லாமல் ஓட வைப்பது. அன்றைக்கு அதுதான் கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனத்தால்தான் எங்கள் தோட்டங்கள் காயாமல் தப்பின. அதை நான் மறுக்கவில்லை. பிறகு பாதை திறந்தது, மெசின் வந்தது, சாமான் வந்தது. ஆனால் அந்தக் கை மட்டும் மாறவில்லை. புதுப்பெட்டியில் வருகிற மெசினையும் அவர் குறைப்பிள்ளையாகத்தான் பார்ப்பார். சைலன்சரின் வாயை அகட்டுவார். சிலிண்டரின் துவாரங்களை அரத்தால் ராவுவார். கம்பனிக்காரன் படித்தவன்தான், ஆனால் அவன் பனையைக் கண்டானா, முதிரையைக் கண்டானா என்று கேட்பார். அவர் திருத்திக் கொடுத்த வாளை இழுத்து ஸ்ரார்ட் பண்ணினால் சுன்னாகத்தில் வெட்டுகிற சத்தம் மானிப்பாயில் கேட்கும்!

அவருடைய வைராக்கியத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வேறு கம்பனி மெசினை ஒருவர் திருத்தக் கொண்டுவந்தால் பஞ்சலிங்கம் திருப்பி அனுப்பமாட்டார். ஆனால் தன் பட்டறைக் கொட்டிலுக்குள் எடுக்கவும் மாட்டார். "வைத்தியம் பாப்பன். உள்ளுக்கு மட்டும் கொண்டு வராதேங்கோ, எங்கடை ஆக்கள் குழம்பிப்போவினம்" என்று சொல்லி, வெளியில் மாமரத்துக்குக் கீழே சாக்கு விரித்து வைத்துத் திருத்துவார். கனடாவிலிருந்து மைத்துனர் வந்தபோது எல்லா வீட்டுக்கும் சொக்கிலேற் வந்தது. இந்த வீட்டுக்குக் காலுறைக்குள் சுற்றிய பிளக்கும் காபரேற்றரும் வந்தன. அன்றைக்குச் சிவகௌரி என்னைப் பார்த்துச் சொன்னா: "மூத்த தாரத்துக்குச் சாமான் வந்திருக்கண்ணை. இளைய தாரத்துக்கு ஒண்டையும் காணேல்லை." நாங்கள் சிரித்தோம். பஞ்சலிங்கமும் சிரித்தார், ஆனால் பிளக்கைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

சேவை என்று சொன்னால், அந்தப் புயலடித்த காலையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? சுன்னாகத்தில் ஒரு பெரிய வேம்பு வீட்டுக் கூரையின்மேல் விழுந்து கிடந்தது. உள்ளே ஒரு வயோதிபத் தம்பதி. மரத்தை ஓரிடத்தில் பிழையாக வெட்டினால் மிச்சக் கூரையும் அவர்கள் தலையில். நாங்கள் எல்லோரும் மெசினோடு போய் நின்றோம். ஒருவருக்கும் கை வைக்கத் துணிவில்லை. பஞ்சலிங்கம் ஏறினார். ஒரு வெட்டு வெட்டுவார், மெசினை நிற்பாட்டுவார், மரம் முறிகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார். உள்ளே இருந்து அந்த அம்மா முனகுவதைக் கேட்பார். "பயப்பிடாதேங்கோ அம்மா, நான் நிக்கிறன்" என்பார். பிறகுதான் அடுத்த வெட்டு. மழைக்குள் நின்று அதைப் பார்த்தவன் நான். அந்த இரண்டு பேரும் நடந்து வெளியே வந்தார்கள். அன்றைக்கு அவர் நினைத்தபோதெல்லாம் மெசினை நிற்பாட்டினார், கேட்டார். தயவுசெய்து இதை மனதில் வைத்திருங்கள்.

சபையோரே! இனி நான் சொல்லப் போவதைச் சங்கத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல வேண்டும்.

சங்கிலி வாளில் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு மறைப்பு இருக்கும். வெறும் மறைப்பு இல்லை, அதுதான் பிறேக். வாளின் நுனி எதிலாவது முட்டினால் மெசின் துள்ளி ஆளின் முகத்துக்குத் திரும்பி வரும். வரும்போது கை அந்த மறைப்பில் படும். பட்ட கணமே சங்கிலி நின்றுவிடும். கம்பனிக்காரன் பனையைக் காணாவிட்டாலும் மனிசக் கழுத்தைக் கண்டிருக்கிறான். அதற்காகத்தான் அதை வைத்தான்.

எங்கள் சங்கத்தில் அதற்கு என்ன பெயர்? முக்காடு! புதுமெசின் வாங்கினால் பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நேரே பஞ்சலிங்கத்தின் கொட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இரண்டு நட்டைக் கழற்றி முக்காட்டை எடுத்துவிட்டு, தன் கையால் அடித்த தகட்டு மூடியொன்றை அவர் பூட்டிவிடுவார். கழற்றிய முக்காட்டில் சொந்தக்காரரின் பெயரை வெள்ளைப் பெயின்ற்றால் எழுதிச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவார். எல்லோரும் கை தட்டுவார்கள், சோடா குடிப்பார்கள். அன்றைக்குத்தான் அந்த ஆள் சங்கத்தில் முழு ஆள். சுவரில் முக்காடு தொங்காதவன் சங்கத்தில் ஒருவன்தான். அது நான். எனக்கு "முக்காட்டுக் கிழவன்" என்று பட்டம் வைத்ததும் அமரர்தான்.

என் மெசினைக் காணுகிற போதெல்லாம் கேட்பார்: "ஜெபரட்ணம் அண்ணை, முக்காடு போட்டுக்கொண்டு உங்கடை மெசின் எங்கை போகுது? சேர்ச்சுக்கோ?" நான் சொல்வேன்: "இல்லையடா. வீட்டை போகுது." அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவரோடு சிரிக்காமல் இருக்க யாரால் முடியும்?

சற்று முன்பு எங்கள் செயலாளர் தம்பி சுதாகரன் பேசினார். அழகாகப் பேசினார். மரத்துக்குள்ளே புதைந்து கிடந்த ஷெல் துண்டில் வாள் பட்டுத் துள்ளியது, போர் முடிந்தும் போரே எங்கள் பஞ்சலிங்கத்தைக் கொன்றுவிட்டது என்றார். மண்டபம் முழுக்க அழுதது. எனக்கும் கண் கலங்கியது. எங்கள் ஊர் மரங்களுக்குள் இரும்பு இருப்பது பொய்யா? இல்லையே! என் மரக்காலையில் எத்தனை அலகு அந்த இரும்பால் பல்லிழந்திருக்கிறது! பஞ்சலிங்கமே தான் வெட்டிய மரங்களில் இருந்து கிண்டி எடுத்த துண்டுகளை ஒரு பால்மா ரின் நிறையச் சேர்த்து வைத்திருந்தார். ஆகையால் செத்தவீட்டிலேயே ஒருவர் "ஷெல் துண்டாய்த்தான் இருக்கும்" என்றார். அடுத்தவர் "ஷெல் துண்டுதான்" என்றார். சுடலைக்குப் போய்ச் சேர முன்னர் அது உண்மையாகிவிட்டது.

சுடலையில் நாங்கள் என்ன செய்தோம்? கொள்ளி வைத்ததும், கொண்டுபோயிருந்த மெசின் எல்லாவற்றையும் ஒன்றாக ஸ்ரார்ட் பண்ணி மேலே தூக்கிப் பிடித்தோம். பெரிய மரியாதை! ஒன்றிலாவது முக்காடு இருந்ததா? என்னுடையதைத் தவிர ஒன்றிலும் இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று சிவகௌரி என்னை வாசல் படலையடிக்குக் கூப்பிட்டா. அழவில்லை. முகம் மரத்துப்போய் இருந்தது. சொன்னா:

"அண்ணை, அண்டைக்குச் சுடலையிலை மெசின் போட்ட சத்தம் வீட்டை கேட்டது. எல்லாரும் மரியாதை எண்டினம். எனக்கெண்டால் அடுத்தது ஆர், அடுத்தது ஆர் எண்டு கேக்கிறமாதிரி இருந்தது. நீங்கள் மரம் அரியிற ஆள். எனக்கு ஒண்டு அறிஞ்சு சொல்லுங்கோ. அந்த மரத்துக்குள்ளை இரும்பு இருந்ததோ?"

நான் சொன்னேன்: "அறிஞ்சு என்ன தங்கச்சி செய்யப்போறியள்?"

"இருந்ததெண்டால் விதி எண்டு கிடப்பன். இல்லையெண்டால்... இவரின்ரை மெசினை அந்தியேட்டிச் சடங்கு முடிய மயூரதனிட்டைக் குடுக்கப் போகினமாம். அவனுக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கண்ணை."

சபையோரே! இதற்குப் பிறகு நான் பேசாமல் இருக்கலாமா?

அவர் கடைசியாக வெட்டிய மரமும் ஒரு வேம்புதான், அது வெட்டின இடத்திலேயே கிடந்தது. ஆள் செத்த மரத்தை யார் வாங்குவார்? வளவுக்காரரிடம் கேட்டு, உழவு இயந்திரத்தில் ஏற்றி, உடுவிலுக்குக் கொண்டுவந்தேன். குற்றியை வாளில் வைத்துப் பலகை பலகையாக அரிந்தேன். ஒவ்வொரு பலகையிலும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். இரும்பு பட்ட மரத்தில் கறுப்பு ஓடியிருக்கும், எங்களுக்குத் தெரியும். சந்தேகத்துக்கு ஒரு காந்தத்தையும் கொண்டு தேடினேன். எனக்கு இரும்பு வேண்டும், கிடைத்தால் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லலாம் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே தேடினேன். வேம்பு சுத்தமாக இருந்தது. ஒரு ஆணிகூட இல்லை.

இன்னும் வேண்டுமா? மரண விசாரணை முடிந்து பொலிசார் திருப்பித் தந்த மெசின் இதோ மேடையில் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு இருக்கிறது. சங்கத்துக்காரர் கூட்டம் முடிய வந்து அந்தச் சங்கிலியைப் பாருங்கள். இரும்பில் பட்ட சங்கிலி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. பல் தெறித்திருக்கும், அல்லது மழுங்கியிருக்கும். இதில் ஒவ்வொரு பல்லும் அவர் அன்று காலை ராவியபடியே இருக்கிறது. அப்படியானால் எதில் முட்டியது? வெட்டிய கொப்புக்குப் பின்னால் இன்னொரு கொப்பின் அடிக்கட்டை. வாளின் நுனி கடித்த அடையாளம் அதில் இருக்கிறது, நகத்தளவு. அவ்வளவுதான்.

கயிறு பிடித்து நின்ற மயூரதன் அதைக் கண்டான். "அண்ணை, பின்னாலை கட்டை!" என்று கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். கேட்டதா? எப்படிக் கேட்கும்! மானிப்பாய் வரை கேட்கிற சைலன்சர் அல்லவா அது! புயலன்று ஒரு கிழவியின் முனகலைக் கேட்டு வெட்டிய மனிதனுக்கு, கூடப்பிறந்தவன் கத்தினது கேட்கவில்லை. நுனி முட்டியது, மெசின் திரும்பியது. கை படவேண்டிய இடத்தில் மறைப்பு இல்லை. மறைப்பு கொட்டிலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சங்கிலி கழுத்தில் நின்றது. துவாயால் பொத்திப் பிடித்துக்கொண்டு மயூரதன் ஆட்டோவில் ஏற்றினான். ஆஸ்பத்திரி வாசலுக்கு வர முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

தம்பி மயூரதன், தலையைக் குனியாதே. நீ கத்தினாய். அது உண்மை. இந்த ஊர் அதை அறியட்டும்.

சிலர் முகத்தில் என்மேல் கோபம் தெரிகிறது. செத்தவரைக் குறை சொல்லுகிற இடமா இது என்று நினைக்கிறீர்கள். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கழற்றினார், நாங்கள் கை தட்டினோம். முக்காட்டோடு வந்தவனை நாங்கள் கூடி நின்று நக்கலடித்தோம். ஷெல் துண்டு என்றால் எவருக்கும் பொறுப்பில்லை. அதனால்தானே அந்தக் கதை எங்களுக்கு இவ்வளவு கெதியாகப் பிடித்துக்கொண்டது? போர் எங்களிடம் இருந்து பறித்தது கொஞ்சமா நஞ்சமா? அதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நாங்கள் செய்ததைக் கொண்டுபோய் அதன் தலையில் கட்டினால், உண்மையாகவே ஷெல்லில் செத்தவர்களுக்கு அது அவமரியாதை.

மீனாம்பிகை அம்மையார் என்னை அழைக்கும்போது, அமரர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி சொல்லி உரையை நிறைவு செய்யும்படி கேட்டார். சொல்லத்தான் போகிறேன். புயல் வந்தால் கூப்பிட முன்னரே போய் நிற்போம். கூரையில் விழுந்த மரத்தை இறக்குவோம். உடைந்த மெசினைத் திருத்துவோம், மாமரத்துக்குக் கீழே வைத்தென்றாலும் திருத்துவோம். வெட்டி வெட்டி நிற்பாட்டிக் காது கொடுப்போம். இவையெல்லாம் பஞ்சலிங்கத்தின் பணி, தொடர்வோம். ஆணியில் தொங்குவதைத் தொடரமாட்டோம்.

வாசல் விறாந்தையில் இரண்டு உரப்பைகள் இருக்கின்றன. உள்ளே வரும்போது தேத்தண்ணிச் சாமான் என்று நினைத்திருப்பீர்கள். கொட்டில் சுவரில் தொங்கிய அத்தனை முக்காடும் அதற்குள் இருக்கிறது. சிவகௌரியின் சம்மதத்தோடு நானே கழற்றிக் கொண்டுவந்தேன். எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. அவரவர் தங்கள் பெயரைத் தேடி எடுத்த பிறகு தேத்தண்ணி குடியுங்கள். சுதாகரன், உன்னுடையது மேலே கிடக்கிறது.

ஒன்று மட்டும் அந்தப் பைக்குள் இல்லை.

தங்கச்சி, உங்கள் மடியில் இருக்கிற பையைத் தாருங்கோ. எழும்பவேண்டாம். மயூரதன், அண்ணியிடம் வாங்கிக்கொண்டு மேடைக்கு வா. சபையோரே, பெயர் தெரிகிறதா? பெயின்ற் மங்கிவிட்டது, நான் வாசிக்கிறேன். "த. பஞ்சலிங்கம்." சுவரில் முதலாவது ஆணியில் தொங்கியது. இந்த மாலை போட்ட மெசினோடு பெட்டியில் வந்தது.

சங்கம் இந்த மெசினை இன்று உனக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறது, மயூரதன். கொடுக்கவேண்டாம் என்று உன் அண்ணி சொல்லவில்லை. "அவன்ரை சீவியம் அதுதானே அண்ணை, குடுங்கோ. முக்காட்டோடை குடுங்கோ" என்றுதான் சொன்னா. இந்தா நட்டுக் கழற்றுகிற சாவி. தகட்டு மூடியைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டு. சைலன்சரை நாளைக்கு என் மரக்காலைக்குக் கொண்டு வா, அதையும் பார்ப்போம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நிற்போம். எவரும் மணிக்கூட்டைப் பார்க்கவேண்டாம். மயூரதன் பூட்டி முடிக்கும் வரை மௌனம்.

.......

ஆறுதலாய்ப் பூட்டு, தம்பி. இரண்டு நட்டும் நன்றாக இறுகட்டும். நாங்கள் நிற்கிறோம்.

.......

முடிந்ததா? மறைப்பை முன்னால் தள்ளிப் பார். "ரக்" என்றதே, அந்தச் சத்தம் பின்வரிசைக்குக் கேட்டதா? அதுதான் பிறேக் விழுகிற சத்தம். இந்த மெசினில் அது கேட்டு எத்தனையோ வருடம்.

பஞ்சலிங்கம்! முக்காடு போட்டுக்கொண்டு உன்ரை மெசின் எங்கை போகுது எண்டு கேக்கமாட்டியோ? கேளடா.

வீட்டை போகுது.